உப்புக்கு ஒரு மதில்

உப்பின் அருமை உப்பில்லாத வீட்டில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒருவன் வீட்டில் உண்ட நன்றியை மறவாதிருப்பதற்கு உப்பையே சாட்சியாக வைத்த சமுதாயம் நம்முடையது. பொன்னையும் மணியையும் அவ்விடத்தில் வைக்காமல், கைப்பிடிக் காசுக்குக் கூடை நிறையக் கிடைக்கும் பொருளை வைத்தார்களே, அதில் ஆழ்ந்த பொருள் உண்டு. பொன்னின்றி மனிதன் வாழ்ந்துவிடலாம். உப்பின்றி வாழ இயலாது. அரசனுக்கும் ஆண்டிக்கும் அது ஒருபோல் வேண்டும்.

எல்லோருக்கும் வேண்டிய பொருள் எதுவோ அதன்மீது கை வைத்தால் எல்லோருடைய மடியிலும் கை வைத்ததாகும். இந்த உண்மையை உலகத்து ஆட்சியாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டனர். அந்தக் கை எவ்வளவு நீளமானது, எவ்வளவு அழகான உறையை அணிந்து வரக்கூடியது என்பதைக் கண்ணாரக் காண விரும்புவோர் பிரான்சு நாட்டின் கிழக்கெல்லைக்குச் செல்ல வேண்டும். அங்கே ஆர்க்-எ-செனான் என்னும் சிற்றூரில் அரச உப்பாலை ஒன்று நிற்கிறது. உப்புக் காய்ச்சுவது நின்று நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று அது சுற்றுலாத் தலம். அதன் மதிலுக்குள் ஒரு பகல் முழுவதும் நடந்து திரும்பிய பின் மனத்தில் எழுந்த எண்ணங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயிலில்

பெசன்சோன் நகரிலிருந்து புகைவண்டியில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆர்க்-எ-செனான் வந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் உப்பாலையின் வாயில் தெரிகிறது. முதலில் காண்பவர் எவரும் இதை ஆலை என்று எண்ணமாட்டார். பழங்காலக் கிரேக்கக் கோயிலின் முகப்போ, சிற்றரசர் ஒருவரின் மாளிகையோ என்று மயங்குவார். பீடமின்றித் தரையிலிருந்து நேரே எழும் எட்டுப் பருத்த தூண்கள். அவற்றின் பின்னே கரடுமுரடான பாறைகளை அடுக்கிச் செய்த குகை போன்ற நுழைவழி. சுவரில் கல்லாற் செதுக்கிய சாடிகள் சில சாய்ந்து கிடக்கின்றன; அவற்றின் வாயிலிருந்து உவர்நீர் வழிந்து, வழியும்போதே உறைந்து நிற்பதுபோல் சிற்பி செதுக்கியிருக்கிறான். இங்கு நடப்பது என்ன தொழில் என்பதற்கு அந்தக் கல் நீர்தான் அறிவிப்புப் பலகை.

சிற்ப அழகில் மனத்தைப் பறிகொடுத்து உள்ளே செல்பவர் ஒரு செய்தியை மறந்துவிடலாகாது. இதே வாயிற் கட்டடத்தில்தான் காவலர் அறைகள் இருந்தன. ரொட்டி சுடும் அடுப்பும் இருந்தது. ஒரு சிறைக்கூடமும் இருந்தது. உள்ளிருந்து வெளியே செல்லும் தொழிலாளி மடியில் ஒரு பிடி உப்பை ஒளித்துச் செல்கிறானா என்று சோதித்தது இந்த வாயிலில்தான். உப்பு விளையும் இடத்தில் உப்புக்கு மதில் எதற்கு? சிறை எதற்கு? இந்த வினாவுக்கு விடை தேட இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நிலத்தடியில் ஒரு கடல்

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளம் கண்டு பழகிய நமக்கு, கடற்கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே மலையடிவாரத்தில் உப்பாலை இருப்பது வியப்பாகவே தோன்றும். நம் நாட்டில் கடல் நீரைப் பாத்தியில் தேக்கினால் மீதி வேலையைக் கதிரவன் செய்துவிடுகிறான். ஜூரா மலைப்பகுதியிலோ கடலும் இல்லை. அத்தகைய வெயிலும் இல்லை. ஆனால் நிலத்தடியில் ஒரு பழைய கடல் இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியை மூடியிருந்த ஆழமற்ற கடல் வற்றியபோது விட்டுச் சென்ற உப்புப் படுகை அது. மலையிலிருந்து இறங்கும் நீர் அந்தப் படுகையைத் தொட்டுக் கரைத்து ஊற்றாக வெளிப்படுகிறது.

அவ்வாறு ஊற்றெடுத்த ஊரின் பெயரே உப்பைச் சொல்லும்: சலேன். இன்று சலேன்-லெ-பேன் என்பார்கள். ஆர்க்-எ-செனானைக் காணச் செல்பவர் முதலில் இவ்வூருக்குச் செல்வது நல்லது. தாயைக் கண்ட பின் மகளைக் காண்பது போன்றது அது. இங்கே இடைக்காலந்தொட்டு உப்புக் காய்ச்சினார்கள். 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நிலத்தடிக் கூடம் ஒன்று இன்றும் இருக்கிறது. படியிறங்கிச் சென்றால் கல் வளைவுகள் தாங்கும் நீண்ட நடை, குளிர்ந்த காற்று, இருளில் நீர் ஓடும் ஓசை. ஆற்று நீரால் சுழலும் சக்கரம் ஒன்று நீண்ட மரத் தண்டை முன்னும் பின்னும் இழுக்க, அதனோடு பிணைத்த இறைகுழாய் ஆழத்திலிருந்து உவர்நீரை மேலே கொண்டு வருகிறது. உப்பாலை 1962ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அந்தச் சக்கரம் பார்வையாளர்களுக்காக இன்னமும் சுழல்கிறது.

மேலே காய்ச்சும் கூடத்தில் இரும்புத் தகட்டாலான அகன்ற கொப்பரை ஒன்று எஞ்சியிருக்கிறது. அதன் கீழே இரவு பகல் தீ எரிந்தது. நீர் கொதித்து ஆவியாகி, அடியில் உப்பு படியப் படிய, நீண்ட பிடியுள்ள வாருகோல்களால் ஓரத்துக்கு இழுத்துச் சேர்த்தார்கள். கண்ணைக் கரிக்கும் புகை, உடலை வேகவைக்கும் ஆவி, தோலைத் தின்னும் உவர் ஆகிய மூன்றுக்கும் நடுவே நின்று செய்த வேலை அது. ஈர உப்பை அச்சில் அழுத்திக் கட்டியாக்கி உலர்த்துவது பெரும்பாலும் பெண்களின் வேலை. உப்பு வெண்மையாய் வெளியே போயிற்று. அதைக் காய்ச்சியவர்கள் கரியேறிய கூடத்தில் இருந்தார்கள்.

காட்டைத் தேடிப் போன நீர்

இந்தத் தொழிலுக்கு உவர்நீரைவிட அரிய பொருள் விறகு. நூற்றாண்டுகளாக எரித்ததில் சலேனைச் சுற்றியிருந்த மலைகள் மொட்டையாகிக்கொண்டே வந்தன. குளிர்காலத்தில் விறகு அந்நாட்டு மக்களுக்கு உணவு போன்றது. ஆலைக்கென்று காடுகள் ஒதுக்கப்பட்டபோது சுற்றுப்புறத்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் சுள்ளி பொறுக்கிய இடத்துக்குள் கால் வைக்க முடியாதவராயினர். உப்புக்கான முதல் விலையைக் கொடுத்தவர்கள் உப்பு வாங்கியவர்கள் அல்லர்; விறகு இழந்தவர்களே.

காட்டை ஆலைக்குக் கொண்டு வருவது அரிதாகிவிடவே, ஆலையைக் காட்டுக்குக் கொண்டு போகலாம் என்ற யோசனை பிறந்தது. சலேனுக்கு வடமேற்கே ஷோ என்னும் பெருங்காடு, இருபதாயிரம் ஹெக்டேர் பரப்பில் இருந்தது. 1773ஆம் ஆண்டு ஏப்ரலில் பதினைந்தாம் லூயி மன்னரின் அவை புதிய உப்பாலைக்கு ஆணை பிறப்பித்தது. சலேனின் உவர்நீரைக் குழாய் வழியே ஷோ காட்டின் ஓரத்துக்குக் கொண்டு சென்று அங்கே காய்ச்சுவது திட்டம்.

ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தூரத்துக்கு இரட்டைக் குழாய் புதைக்கப்பட்டது. அவை இரும்புக் குழாய்கள் அல்ல. தேவதாரு இனத்து மரங்களை வெட்டி, நெடுக்கத் துளையிட்டு, ஒன்றின் நுனியை மற்றொன்றின் அடியில் செருகி இணைத்த மரக் குழாய்கள். நாளொன்றுக்கு 1,35,000 லிட்டர் உவர்நீர் இவ்வழியே சென்றது. மர இணைப்புகளில் கசிவு ஓயவில்லை. வழியில் துளையிட்டு உவர்நீரைத் திருடுவோரும் இருந்தனர். ஆகவே வழி நெடுகக் காவல் நிலைகள் எழுந்தன. நிலத்தடியில் ஓடும் நீருக்கும் காவல் போட்ட ஆட்சி அது. பிற்காலத்தில் மரக் குழாய்களுக்குப் பதிலாக இரும்புக் குழாய்கள் இடப்பட்டன.

ஆலையை அடைந்த நீர் உடனே கொப்பரைக்குப் போகவில்லை. அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மரக் கட்டடத்தில் முட்புதர்க் கட்டுகளின்மீது சொட்டுச் சொட்டாக விழவிடப்பட்டது. காற்று நீரின் ஒரு பகுதியை உலர்த்திவிட, மிஞ்சியது செறிவான உவர்நீராகும், விறகும் மிச்சமாகும். வெயில் குறைந்த நாட்டில் காற்றைக் கொண்டு வேலை வாங்கிய இந்தச் சூழ்ச்சி பாராட்டத் தக்கதே. அக்கட்டடம் இன்று இல்லை.

கபேல்

இவ்வளவு பொருளும் உழைப்பும் செலவிட்டுக் காய்ச்சிய உப்பு மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே இந்த வரலாற்றின் உயிர்நாடி.

பிரெஞ்சு மன்னர்கள் 14ஆம் நூற்றாண்டிலிருந்து உப்பின்மீது வரி விதித்து வந்தனர். ‘கபேல்’ என்பது அந்த வரியின் பெயர். அரபுச் சொல்லான ‘கபாலா’விலிருந்து வந்தது இது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். நாடு முழுவதும் ஒரே வரி இருக்கவில்லை. சில மாநிலங்கள் வரியிலிருந்து விலக்குப் பெற்றவை. சில மாநிலங்கள் குறைந்த வரி செலுத்தின. பாரிசைச் சுற்றிய பெரும் பகுதி ‘பெரிய கபேல்’ நாடு எனப்பட்டது. எல்லைக்கோட்டின் இப்புறமும் அப்புறமும் உப்பின் விலை இருபது மடங்குக்கு மேல் வேறுபட்ட இடங்கள் உண்டு.

கொடுமை விலையோடு முடியவில்லை. பெரிய கபேல் நாட்டில் எட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7 கிலோ உப்பை அரசின் கிடங்கிலிருந்து வாங்கியே தீர வேண்டும். 1680ஆம் ஆண்டுச் சட்டம் இதை வகைப்படுத்தியது. ‘கடமை உப்பு’ என்று அதற்குப் பெயர். அப்படி வாங்கிய உப்பைச் சமையலுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். குளிர்காலத்துக்கென இறைச்சியை உப்பிட்டு வைக்க வேண்டுமானால் மேலும் உப்பு வாங்க வேண்டும். வேண்டாத பொருளை வேண்டாத அளவில் வேண்டாத விலைக்கு வாங்கு என்று கட்டளையிடுவதற்கு வரி என்று பெயர் வைப்பதே தவறு.

விலை வேறுபாடு இருந்தால் கள்ளக் கடத்தலும் இருக்கும். ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் இரவில் எல்லையைக் கடந்து உப்பைச் சுமந்தார்கள். நாய்களைக்கூடப் பழக்கி முதுகில் உப்புப் பை கட்டி அனுப்பினார்கள். பிடிபட்டவனுக்கு அபராதம், கட்ட முடியாவிட்டால் கசையடி, அதற்கு மேல் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமை வாழ்வு, ஆயுதம் ஏந்திக் கூட்டமாய் வந்தவனுக்குத் தூக்கு. கறியில் இடும் உப்புக்காகக் கழுத்தில் கயிறு விழுந்த காலம் அது.

இந்த வரியை அரசே தண்டவில்லை. செல்வர் சிலர் கூட்டாகச் சேர்ந்து, ஒரு பெருந்தொகையை மன்னருக்குக் கொடுத்துவிட்டு, ஆறாண்டுக் குத்தகையில் வரி தண்டும் உரிமையைப் பெற்றனர். நம் நாட்டில் நவாபுகள் ஆட்சியில் இஜாரா என்று வழங்கிய முறையை ஒத்தது இது. இக்குத்தகையாளர்கள் தங்களுக்கென்று தனிக் காவற்படையே வைத்திருந்தனர். ஆர்க்-எ-செனான் உப்பாலையும் அவர்கள் ஆளுகைக்கு உட்பட்டதே. மதிலும் சிறையும் எதற்கு என்ற வினாவுக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது. மதில் காத்தது உப்பை அன்று, உப்பின் விலையை.

அரைவட்டத்தின் நடுவே

ஆலையை வடித்தவர் குளோத்-நிக்கோலா லெதூ என்னும் கட்டடக் கலைஞர். 1771ஆம் ஆண்டில் அவர் அப்பகுதி உப்பாலைகளின் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். முதலில் அவர் வரைந்தது சதுர வடிவான ஆலை. கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரிய தூண்கள் ஓர் ஆலைக்கு ஏன் என்று மன்னர் கேட்டதாகச் சொல்வார்கள். அத்திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாவது திட்டம் 1774இல் ஒப்புதல் பெற்று, 1775 முதல் 1779 வரை கட்டி முடிக்கப்பட்டது. தூண்கள் அதிலும் இருந்தன.

370 மீட்டர் விட்டமுள்ள ஓர் அரைவட்டம். விட்டக் கோட்டின் நடுவில் மேலாளர் மாளிகை. அதன் இரு பக்கமும் 80 மீட்டர் நீளமுள்ள காய்ச்சும் கூடங்கள். எதிரே வளைகோட்டில் வாயிற் கட்டடமும், அதன் இருமருங்கும் தொழிலாளர் குடியிருப்புகளும், மிடாத் தச்சர், கொல்லர் ஆகியோரின் பட்டறைகளும். வாயிலில் நுழைந்தவுடன் கண்ணுக்கு நேரே மேலாளர் மாளிகைதான் தெரிகிறது. அதன் தூண்கள் விந்தையானவை: உருண்டைக் கல் ஒன்று, சதுரக் கல் ஒன்று என மாறி மாறி அடுக்கப்பட்டவை. காலையில் பக்கவாட்டு வெயில் படும்போது நிழலும் ஒளியும் அத்தூண்களில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

மாளிகையின் நெற்றியில் வட்டமான ஒரு சாளரம் இருக்கிறது. அதைக் கண்ணென்றே கூறுவர். எந்தக் கட்டடத்து வாயிலில் நின்று திரும்பிப் பார்த்தாலும் அந்தக் கண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேலாளர் எல்லோரையும் பார்க்கலாம். தம்மை அவர் பார்க்கிறாரா இல்லையா என்பதைத் தொழிலாளி அறிய இயலாது. பேரழகான இந்த வட்டத்தின் கணக்கு அவ்வளவே. வழிபாட்டுக்கூடமும் அந்த மாளிகைக்குள்ளேயே அமைந்திருந்தது. தொழிலாளர் இறைவனைத் தொழப் போவதும் மேலாளரின் கூரைக்கடியில்தான்.

லெதூவை வெறும் கொடியவராகச் சித்திரிப்பது நேர்மையாகாது. தொழிலாளியின் வீட்டையும் கலைஞன் வடிக்கத் தக்க கட்டடமாகக் கருதியவர் அவர். குடும்பத்துக்கு ஓர் அறை, நடுவில் எல்லோருக்கும் பொதுவான பெரிய அடுப்பு, பின்னால் கீரையும் கிழங்கும் பயிரிடத் தோட்டம் என்று அமைத்தார். அந்த நூற்றாண்டின் வேறு ஆலைத் தொழிலாளர்கள் இருந்த குடிசைகளோடு ஒப்பிட்டால் இது மேலான வாழ்வுதான். ஆயினும் அந்தத் தோட்டத்தைச் சுற்றியும் மதில் இருந்தது. கொடுப்பவனும் அடைப்பவனும் ஒருவனாகவே இருந்தான் என்பதுதான் இக்கட்டடத்தின் சிக்கல்.

புரட்சி வந்தது

லெதூ குத்தகையாளர்களுக்குச் செய்த பணி இதோடு நிற்கவில்லை. பாரிஸ் நகருக்குள் வரும் பண்டங்களுக்கு வரி தண்டுவதற்காக நகரைச் சுற்றி எழுந்த மதிலில் சுங்கச் சாவடிகளை வடித்தவரும் அவரே. 1789 ஜூலையில், பாஸ்டில் சிறை வீழ்வதற்கு முன்பாகவே, மக்கள் அச்சாவடிகளில் பலவற்றைக் கொளுத்திவிட்டனர். மறு ஆண்டு, 1790இல், கபேல் ஒழிக்கப்பட்டது. 1794 மே மாதம் வரிக் குத்தகையாளர் 28 பேர் ஒரே நாளில் தலை வெட்டப்பட்டனர். அவர்களுள் ஒருவர் இன்றைய வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் லவாசியே. அறிவால் உலகை உயர்த்திய ஒருவரும் அந்த வரியின் பாவத்தில் பங்குகொண்டு மடிந்தார்.

லெதூவும் 1793இல் சிறையிடப்பட்டார். தலை தப்பியது, 1795இல் வெளியே வந்தார். பின்னர் யாரும் அவருக்குக் கட்டடம் கட்டும் பணி தரவில்லை. தாளின்மீதே கட்டத் தொடங்கினார். உப்பாலையை நடுவாக வைத்து, அரைவட்டத்தை முழு வட்டமாக்கி, ஷோ என்னும் இலட்சிய நகரத்தைக் கற்பனையில் வளர்த்து 1804இல் நூலாக வெளியிட்டார். ஆற்றுக் கண்காணிப்பாளர் வீட்டின் நடுவே ஆறே பாய்வது போலவும், மிடா செய்வோர் வீடு மிடா வளையம் போலவும் வரைந்த படங்கள் அதில் உண்டு. 1806இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் நெப்போலியன் உப்பு வரியை மீண்டும் விதித்தார். புரட்சி பிடுங்கி எறிந்த செடி பதினாறே ஆண்டுகளில் மறுபடி துளிர்த்தது. 1945ஆம் ஆண்டின் இறுதியில்தான் பிரான்சில் உப்பு வரி ஒரேயடியாக மாண்டது.

ஆலையின் பிற்கால வரலாறு சுருக்கமானது. எதிர்பார்த்த அளவு உப்பை அது ஒருநாளும் தரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தனியார் கைக்கு மாறிற்று. இருப்புப்பாதை வந்தது, கடலுப்பு மலிவாக வந்து இறங்கிற்று. 1895இல் அடுப்புகள் அணைந்தன. 1918இல் இடி விழுந்து மேலாளர் மாளிகை எரிந்தது. இதைத் தேசியச் சின்னமாக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்த வேளையில், 1926இல், அம்மாளிகையின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1927இல் தூ மாவட்ட நிருவாகம் வாங்கிப் பழுதுபார்க்கத் தொடங்கியது. 1982இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2009இல் சலேனின் பழைய உப்பாலையும் அதனோடு சேர்க்கப்பட்டது.

மதிலுக்குள் மனிதர்

இந்த ஆண்டுப் பட்டியலில் ஓர் இடைவெளி இருக்கிறது. பயணிகள் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகின்றனர். நாம் தாண்டிப் போகலாகாது.

1930களின் இறுதியில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த ஏதிலிகள் இம்மதிலுக்குள் தங்கவைக்கப்பட்டனர். அது புகலிடம். அதற்குப் பின் வந்தது வேறு. பிரான்சில் ஊர் ஊராகச் சென்று கூடை முடைந்தும் குதிரை விற்றும் இசை பாடியும் வாழ்ந்த ஜிப்சி மக்களை அரசு நெடுங்காலமாகவே ஐயக்கண்ணோடு பார்த்து வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் ஒவ்வொருவரும் உடல் அளவுகள் குறித்த அடையாளப் புத்தகத்தைச் சுமந்து திரிய வேண்டும் என்றது. 1940 ஏப்ரலில் அவர்கள் இடம் பெயர்வதே தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தது. அதன் ஆணையின்படி, பிரெஞ்சு அதிகாரிகளின் கையாலேயே, அவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். நாடெங்கும் அவ்வாறு அடைபட்டோர் 6,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பலர் குழந்தைகள்.

1941 முதல் 1943 வரை ஆர்க்-எ-செனான் அரச உப்பாலை அத்தகைய முகாம்களுள் ஒன்றாயிருந்தது. அதற்கெனப் புதிதாக எதையும் கட்ட வேண்டிய தேவை எழவில்லை என்பதை எண்ணிப் பார்க்கும்போது உள்ளம் நடுங்குகிறது. ஒரே வாயில், சுற்றிலும் மதில், நடுவிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் கண்: யாவும் ஆயத்தமாக இருந்தன. உப்புக்காக எழுப்பிய மதில் மனிதருக்கும் பொருந்திற்று. ஓரிடத்தில் நில்லாது நடப்பதையே வாழ்வாகக் கொண்ட மக்கள், தூண்களின் அழகுக்கு நடுவே, கால்கள் கட்டுண்டு கிடந்தனர். அவர்கள் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதற்கு அவர்கள் மொழியே சான்று. ‘பானி’ என்று தண்ணீரைச் சொல்லும் மொழி அது.

போர் 1945இல் முடிந்த பிறகும் பிரெஞ்சு முகாம்களில் இருந்த ஜிப்சிகளில் கடைசியாக எஞ்சியோர் விடுதலை பெற்றது 1946இல்தான். நடந்தது எங்கள் நாட்டின் பொறுப்பு என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒருவர் வாய்திறந்து ஒப்புக்கொண்டது அதற்கு எழுபது ஆண்டுகள் கழித்து, 2016இல்.

நம் கரையிலும்

பிரெஞ்சு நாட்டு உப்பைப் பற்றிப் பேசும்போது நம் கரையை மறக்க முடியவில்லை. இரண்டுக்கும் உண்மையான தொடர்பு உண்டு. 1805இல் ஆங்கிலக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. அருகே புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு ஆட்சி, அங்கும் உப்பளங்கள். அந்த உப்பு மலிவாக எல்லை தாண்டி வந்தால் கம்பெனியின் வருவாய் என்னாவது? 1815இல் இரு வல்லரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை முழுவதும் ஆங்கிலேயருக்கு. அதற்கீடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுதோறும் நான்கு லட்சம் ரூபாய். தம் நாட்டில் புரட்சி செய்து உப்பு வரியை எரித்தவர்களின் பிள்ளைகள், நம் கரையில் உப்பை விலைபேசிவிட்டார்கள்.

பின்னர் நடந்ததை நாம் அறிவோம். 1930 ஏப்ரலில் அண்ணல் காந்தி தண்டியில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அதே மாதத்தில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வேதாரண்யம் சேர்ந்தார்கள். காந்தியடிகள் கைதானதும் தாராசனா உப்புக் கிடங்கை நோக்கிப் படை நடத்தப் பொறுப்பேற்றவர் எழுபத்தாறு வயது முதியவரான அப்பாஸ் தயாப்ஜி. நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்றவர், சட்டத்தை மீறிச் சிறை புகுந்தார். 1947 பிப்ரவரியில், இடைக்கால அரசின் வரவு செலவுத் திட்டத்தில் உப்பு வரியை நீக்கும் அறிவிப்பைச் செய்தவர் அன்று நிதிப் பொறுப்பிலிருந்த லியாகத் அலி கான். பிரான்சில் உப்பு வரி மாண்டதற்கும் இந்தியாவில் அது மாண்டதற்கும் இடையே ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

மாலையில்

இன்று ஆர்க்-எ-செனான் உப்பாலையில் உப்பு இல்லை. காய்ச்சும் கூடங்களில் இசை நிகழ்ச்சிகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன. மிடாத் தச்சர் பட்டறையில் லெதூ வடித்த கட்டடங்களின் சிறு மாதிரிகள் வரிசையாக உள்ளன. கட்டப்படாத கனவுகளைக் குழந்தைகள் குனிந்து பார்க்கிறார்கள். குடியிருப்புகளில் ஒரு பகுதி பயணிகள் தங்கும் விடுதி. கீரை விளைந்த இடங்களில் ஆண்டுதோறும் மலர்த் தோட்டங்கள் புதிது புதிதாக அமைக்கப்படுகின்றன. லெதூ தாளில் மட்டும் வரைந்த மறுபாதி வட்டத்தை 2022இல் தோட்டங்களாலேயே நிறைவு செய்திருக்கிறார்கள். கல்லால் முடியாத வட்டத்தைச் செடிகள் முடித்துவைத்தன.

இதைக் குறை கூறுவதற்கில்லை. சிறையாகவும் முகாமாகவும் இருந்த இடத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவது நல்லதே. இடித்துப் போட்டிருந்தால் இந்த வரலாற்றைச் சொல்ல ஒரு கல்லும் மிஞ்சியிராது. ஆனால் அழகு மறதிக்குத் துணை போகும் இயல்புடையது. தூண்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்புபவர், அந்தத் தூண்களுக்குக் கூலி கொடுத்தது எவர் வீட்டுக் கஞ்சியின் உப்பு என்று ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நினைப்பைத் தருவது வழிகாட்டிப் புத்தகத்தின் கடமை; தராவிட்டால் பயணியின் கடமை.

மாலையில் வாயிலைக் கடந்து வெளியேறியபோது அதே கல் சாடிகளைக் கண்டேன். காவலர் எவரும் மடியைச் சோதிக்கவில்லை. அருகிலிருந்த உணவகத்தில் அமர்ந்தோம். மேசைமீது கண்ணாடிக் குப்பியில் உப்பு இருந்தது. அதற்கு அவர்கள் தனி விலை கேட்கவில்லை. எவ்வளவு எடுத்தாய் என்று கணக்கும் பார்க்கவில்லை. எத்தனையோ பேர் சிறையிலும் கப்பலிலும் தூக்குமேடையிலும் விலை கொடுத்து வாங்கி வைத்த உரிமை அது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் நம் பெரியோர். விருந்தளித்தவரை மட்டும் நினைப்பதோடு அக்கடன் தீராது. உப்புக்காக அழுதவரையும் அந்த நினைவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.